கால் படாத இடம்

வயசான ஆளைப் பிரயாணத்துக்குத் தயார் செய்வது எப்படி என்று என்னிடம் யாராவது பாடம் கேட்க வர மாட்டார்களா என்றிருந்தது அப்போது. அப்பாவைக் காசிக்கு அனுப்ப நான் பண்ணிய ஏற்பாடுகளை ஆபீசில் சொன்னேன். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம் சொன்னேன். குவைத்திலிருந்து கணவர் போன் செய்தால் அவரிடமும் அதே பேச்சுதான். "ஒங்கப்பா காசிக்குப் போறாரா, நிலாவுக்குப் போறாரா?" என்று கேட்டார் அவர். கடுப்பாகிப் போனை வைத்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

சும்மா சொல்லக் கூடாது, ஏற்பாடு பலமாகத்தான் இருந்தது. ரத்தம், நெஞ்சு, கண், பாதம் என்று எல்லாவற்றையும் சோதித்து, போய் வரலாம் என்று டாக்டர் வாயால் சொல்லக் கேட்டாயிற்று. முழங்காலுக்கு உறை, குளிருக்குக் குல்லாய், வழுக்காத செருப்பு, படித்துறையில் ஊன்றிக்கொள்ள ரப்பர் முனை வைத்த கம்பு. சட்டைப் பையில் வைத்துக்கொள்ள என் போன் நம்பர் எழுதிய அட்டை. மாத்திரைகளை வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்துப் போட்டு, சுகர் பார்க்கும் மெஷினையும் வைத்து, ஒரு நீலப் பையில் அடுக்கினேன். அதுதான் மருந்துப் பை. துணிமணி எதையும் தொடுவதற்கு முன்னாலேயே அந்தப் பை தயாராக ஆணியில் தொங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் ஜிப்பைத் திறந்து காட்டுவேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஆவுடையார்கோவில் ரூட்டிலும் கறம்பக்குடி ரூட்டிலும் நின்றுகொண்டே பாதி ஆயுளைக் கழித்தவர். "ஏறுற ஆளு மூஞ்சியப் பாத்தே எந்த ஸ்டாப்புல வாந்தி எடுப்பான்னு சொல்லிருவேன். எனக்குப் போயி நீ சொல்லித் தர்றியா?" என்பார். ஆனால் அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷமாகிறது. காலையிலும் ராத்திரியிலும் தனக்குத் தானே வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வார். திருக்கோகர்ணத்தில் என் வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளைகள் திருச்சியில் ஹாஸ்டலில், கணவர் வெளிநாட்டில். வீட்டில் நானும் அப்பாவும்தான், எங்கள் சண்டையும்தான்.

காசி அம்மாவின் ஆசை. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே அப்பா தள்ளிப் போட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அம்மா சொன்னாள், "கூட்டிட்டுத்தான் போகல. நான் போனதுக்கப்பறமாச்சும் கயாவுக்குப் போயி ஒங்க கையால ஒரு பிண்டம் வச்சுருங்க." அம்மாவுக்குக் காது மந்தம். அப்பா குனிந்து அவள் காதோடு வாயை வைத்து, "வைக்கிறேன். சத்தியமா வைக்கிறேன்" என்றார். அந்தச் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. காசிக்குப் போவது அப்பாவுக்குச் சுற்றுலா இல்லை. கயாவுக்குப் போய் அந்தப் பிண்டத்தை வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

கறம்பக்குடியில் ஒருவர் வருஷா வருஷம் ஆள் சேர்த்துக் காசிக்குக் கூட்டிப் போவார். அம்மாவின் தம்பி, என் மாமா, அதே ஊர்தான். துணைக்கு அவர் வருவதாகவும் முடிவாயிற்று. பங்குனி மாதம், புதன்கிழமை ரயில். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

"புதங்கெழம வடக்க சூலம் ஆத்தா" என்றார் அப்பா. மகளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். "அன்னைக்கு வடக்காகக் கெளம்பக் கூடாது."

"ரயிலுக்குச் சூலமெல்லாம் தெரியாதுப்பா. கறம்பக்குடிக்காரரு ஒங்களுக்காக டிக்கெட்ட மாத்துவாரா?"

"மாத்த வேணாம். பரஸ்தானம் வச்சிருவோம்."

கிளம்பும் நாள் சரியில்லை என்றால் எங்கள் பக்கத்தில் செய்வதுதான் இது. அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், கொண்டுபோகும் சாமான்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், போகிற திசையில் இருக்கும் இன்னொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே பிரயாணம் கிளம்பிவிட்டதாக அர்த்தம். பிறகு நிஜமாகவே கிளம்பும்போது போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வைத்த பையைத் திறக்கக் கூடாது. வாசல் தாண்டிப் போனது திரும்ப வீட்டுக்குள் வரவும் கூடாது. வந்தால் பிரயாணம் பாதியிலேயே திரும்பிவிடும் என்பார் அப்பா. டாக்டரிடம் போக ஆயிரம் நொண்டிச்சாக்கு சொல்கிற மனுஷர் இதற்குக் காலண்டரைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை நல்ல நாள் என்று அவரே பார்த்து வைத்திருந்தார். அன்று மதியம் ஆபீசிலிருந்து வரும் வழியில் மெடிக்கலில் நின்று ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய புது இன்சுலின் பாட்டில்களை வாங்கினேன். ஐஸ் பாக்கெட்டோடு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா கூடத்தில் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருக்கிறார். ஒன்றரை மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் வைத்தாக வேண்டுமாம்.

"வேட்டிப் பையக் குடு ஆத்தா."

வேட்டிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. எனக்கு இன்னும் சாப்பாடு ஆகவில்லை, ஆபீசுக்குத் திரும்ப வேண்டும், வெயிலில் வந்த எரிச்சல் வேறு. ஆணியில் தொங்கிய நீலப் பையை எடுத்தேன். கையிலிருந்த இன்சுலின் கவரை, பிறகு மறந்துவிடக் கூடாதே என்று, அதற்குள் திணித்து ஜிப்பை இழுத்தேன்.

"இந்தாங்க. ஒங்களுக்கு வேட்டியவிட இதுதான் முக்கியம். இது முன்னாடி போகட்டும்."

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பையைக் கையில் வாங்கிச் சாமி படத்தைப் பார்த்து நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வடக்கே நடந்தார். எங்கள் தெருவின் வடக்குக் கோடியில் மாவு மில் இருக்கிறது. மில்லை ஒட்டியே வீடு. மில்லை நடத்தும் அக்கா எங்களுக்கு உறவு மாதிரி. அங்கே வைத்துவிட்டு வந்து, பழைய பழக்கத்தில், "ரைட்" என்றார். வேலை முடிந்தால் அப்படித்தான் சொல்வார்.

சாயங்காலம் பாலை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இன்சுலின் இருக்க வேண்டிய இடம் அது. தெருக்கோடிக்குப் போய், "அக்கா, அந்தப் பையில மருந்து இருக்கு, ஒங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க" என்று சொல்லியிருந்தால் போதும். போகவில்லை. பையைத் திறந்தால் பரஸ்தானம் கெட்டுப்போச்சு என்று அப்பா ஆரம்பிப்பார், நான் பதில் சொல்வேன், அது சாப்பிட உட்காரும்வரை ஓடும். இன்சுலின் உள்ளே இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருந்தாலும் போதும். உயிர் மருந்துக்கு ஒரு விலக்கு அவரே கண்டுபிடித்திருப்பார். நான் அதையும் சொல்லவில்லை. சண்டைக்குச் சோம்பல். பிரிக்காத பாட்டில், சில நாள் வெளியில் இருந்தால் என்ன ஆகிவிடப் போகிறது, ஐஸ் பாக்கெட் வேறு இருக்கிறதே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பங்குனி வெயிலில் அந்த ஐஸ் நான் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் தண்ணீராகியிருக்கும். இது தெரியாத குழந்தை இல்லை நான்.

புதன்கிழமை காலையில் ஆட்டோ மில் வாசலில் நின்றது. மில் அக்கா ஓடி வந்து இரண்டு கையாலும் பையைக் கொடுத்தார். "பத்திரமா வச்சிருந்தேங்க" என்றார். கூட்டம் ரயில் ஏறியது. பிரயாகை பார்த்தார்கள், காசிக்கு வந்தார்கள். காசியில் சில நாள் தங்கிவிட்டு எல்லோரும் கயாவுக்குப் போவதாகத் திட்டம். வீட்டிலிருந்து எடுத்துப் போன பழைய பாட்டில் வழியிலேயே தீர்ந்து, அப்பா புது பாட்டிலைப் பிரித்திருக்கிறார்.

ஒரு நாள் காலையில் ஆபீசில் இருக்கும்போது போன் வந்தது.

"ஆத்தா, இந்த மருந்து ஒரு மாதிரி திரிதிரியா இருக்கு. பாட்டில்ல ஒட்டுது."

அவர் போட்டுக்கொள்ளும் இன்சுலின் பால்போலக் கலங்கலாக இருக்கும். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் ஒன்றுபோல ஆகிவிடும். என் மேஜைக்கு முன்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நல்லா உருட்டிப் போடுங்கப்பா. இத்தன வருசமாப் போடுறீங்க, இதுகூடவா தெரியாது?"

"சரி ஆத்தா" என்றார்.

அடுத்து வந்த போன் மாமாவுடையது. "ஒங்கப்பாவுக்கு முடியல ஆத்தா. தண்ணி தண்ணின்னாரு. அப்பறம் வாந்தி எடுத்தாரு. இப்பக் கூப்பிட்டாக் கண்ணத் தொறக்க மாட்டேங்கிறாரு." ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. நல்ல வேளை, உயிருக்குப் பயமில்லை என்றார்கள். சுகர் பார்க்கும் மெஷினை வெளியே எடுக்கவே இல்லையாம், கூட்டத்தோடு கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்களாம். கூட்டம் கயாவுக்குக் கிளம்பிப் போய்விட்டது. மாமா மட்டும் அப்பாவோடு நின்றார்.

அப்பா கண் விழித்ததும் மாமா எனக்குப் போன் செய்து ஸ்பீக்கரைப் போட்டார். "என்னத்தத் தின்னீங்கன்னு ஒங்க மகள்ட்ட நீங்களே சொல்லுங்க மச்சான்."

"ஒரே ஒரு ஜிலேபி ஆத்தா" என்றார் அப்பா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சுடச்சுடப் போட்டுக்கிட்டிருந்தான். ஒங்கம்மாவுக்குப் புடிக்கும்ல. அதான்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வார்த்தை வந்ததோ. ராத்திரியெல்லாம் தூங்காமல் பயந்து கிடந்த பயம் அத்தனையும் கோபமாக மாறி வாயில் வந்தது. நாக்கை அடக்கத் தெரியாத ஆளுக்குக் காசி எதற்கு என்றேன். அம்மாவை உயிரோடு இருக்கும்போதும் ஏமாற்றினீர்கள், செத்த பிறகும் ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன். வார்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று மாமா பின்னால் சொன்னார். தமிழ் தெரியாதவர்கள்தான். ஆனால் திட்டு எந்த பாஷையிலும் திட்டுதானே.

கயாவைப் பார்க்காமலே திரும்பி வந்தார். சிறுநீரகம் அடி வாங்கியிருப்பதாக நம்ம ஊர் டாக்டர் சொன்னார். இனி நீண்ட பிரயாணம் எதுவும் வேண்டாம், கூடவே கூடாது என்றார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

நீலப் பையில் பிரிக்காமல் மீதியிருந்த பாட்டில்களை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, நானே ஊசி போட ஆரம்பித்தேன். உருட்டினால் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டில் அவ்வளவு கட்டுப்பாடு செய்தும் சர்க்கரை இறங்கவே இல்லை. ஒளித்து வைத்துத் தின்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் தலையணைக்கு அடியில், சட்டைப் பையில், பெட்டியில் எல்லாம் தேடினேன். துண்டைக் கட்டிக்கொண்டு அவர் வந்து நிற்கும்போது என் கை அவர் சட்டைப் பைக்குள் இருந்தது. "அதுல ஒண்ணும் இல்ல ஆத்தா" என்றார். நான் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன்.

அந்த பாட்டில்கள் தீர்ந்து, மெடிக்கலில் புதிதாக வாங்கி நேராக ஃபிரிட்ஜில் வைத்துப் போட்டதும் சர்க்கரை இறங்கியது. அப்போதே எனக்கு மில்லில் கிடந்த அந்தப் பை ஞாபகம் வந்தது. இருந்தாலும் நம்ப மனசில்லை.

அந்த வாரம் மிளகாய்த் தூள் அரைக்க மில்லுக்குப் போனேன். மதிய வெயில். சிமெண்ட் ஷீட் கூரை, உள்ளே மோட்டார் ஓடும் சூடு, நின்ற இடத்தில் வியர்த்துக் கொட்டியது. அப்பாவின் பையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். மில் அக்கா சந்தோஷமாகக் கையைத் தூக்கிக் காட்டினார். மோட்டாருக்கு மேலே, கூரை ஷீட்டை ஒட்டி, சுவரில் ஒரு பலகை. சாமி படம் இருந்த பலகை.

"காசிக்குப் போற பையில்லம்மா? கீழ வைக்க மனசு வரல. கால் படாத எடமாப் பாத்து அங்க ஏத்தி வச்சேன். தெனமும் கும்புட்டுக்குவேன்."

மூட்டை மேல் ஏறி அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக் கல் மாதிரி சுட்டது. அக்கா மரியாதை செய்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடமும் நான் சொல்லவில்லையே. மிளகாய் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். உடம்பு தேறியதும், இப்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறது, எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்தேன். உண்மை என்னவென்றால் எனக்கு வெட்கம். ஊர் முழுக்கப் பீற்றிய பை அது. அவ்வளவு திட்டிய வாய் இது. சொல்லாமல் விட்டதற்குப் பதிலாக அவரிடம் கத்துவதைக் குறைத்தேன், அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை அடிக்கடி வைத்தேன். "என்ன ஆத்தா, ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தின்றது.

அப்பாவும் மாறிப்போனார். இனிப்பைத் தொடுவதே இல்லை. டாக்டர் அனுமதித்த ஒரு துண்டு பழத்தைக்கூட ஒதுக்கினார். கயாவுக்குப் போனவர்கள் தங்களுக்குப் பிடித்த பண்டம் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள், பிறகு ஆயுசுக்கும் தொட மாட்டார்கள். "போகாமலே நான் விட்டுட்டேன்" என்பார். இன்னொரு பழக்கமும் புதிதாக வந்தது. தினமும் காலையில் ஊதுபத்தி ஏற்றி அம்மா படத்துக்கு மிக அருகில் போய், கண்ணாடியில் மூச்சுப் படும்படி முகத்தை வைத்து ஏதோ முணுமுணுப்பார். வீட்டு விஷயம் சொல்கிறார் போலும் என்று நான் அடுப்படியிலேயே இருந்துகொள்வேன்.

இந்த வருஷம் அம்மாவின் திதிக்கு மாமாவும் அத்தையும் கறம்பக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். படையல் முடிந்து இலை போட்டோம். நான் பாயசத்தோடு வந்தேன். அப்பா இலையை மறைத்துக் கையை வைத்தார்.

"வேணாம் ஆத்தா."

மாமா சிரித்தார். கேலிக்காரர், மனசில் ஒன்றும் இல்லாதவர். "இந்த நெனப்பு அன்னைக்கு வந்திருக்கணும் மச்சான். ஒரு ஜிலேபி கயாவையே முழுங்கிருச்சு." அத்தையும் சிரித்தாள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

கரண்டியோடு அப்படியே நின்றேன். "ஜிலேபி இல்ல மாமா" என்றேன். "நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் பாக்கெட், நீலப் பை, மில், கூரைக்கடியில் இருந்த பலகை, கட்டுப்படாத சர்க்கரை, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டது. கண்டவர்கள் முன்னால் திட்டிய திட்டை இவர்கள் முன்னாலாவது திரும்ப வாங்க வேண்டும் என்று தோன்றியது. மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அப்பா பாயசச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையிலயா இருந்துச்சு?"

"ஆமாப்பா."

"திரிதிரியா இருக்குன்னு நான் போன்ல சொன்னேனே ஆத்தா."

"சொன்னீங்கப்பா."

"உருட்டிப் போடுன்ன."

"ஆமாப்பா."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டால் தேவலை என்றும் இருந்தது. இலையிலிருந்த சோற்றை விரலால் ஓரமாகக் கூட்டினார்.

"தெனம் காலையில ஒங்கம்மாட்ட நான் என்ன சொல்றேன்னு நெனச்ச? மன்னிச்சுக்கன்னுதான் சொல்றேன். நாக்கு கேக்காம தின்னுபுட்டேன், ஒனக்குக் குடுத்த வாக்கத் தின்னுபுட்டேன், மன்னிச்சுக்கன்னு. இம்புட்டு நாளா." கையை இலையிலிருந்து எடுத்தார். "ஊத்து, ஒரு கரண்டி. இனிமே அத நீ சொல்லிக்க."

ஊற்றினேன். குடித்தார். மாமா அதற்குப் பிறகு கேலி எதுவும் செய்யவில்லை, சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் அப்பா ஊதுபத்தி ஏற்றவில்லை. ஊசி போட்டுக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு, வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அம்மா படத்துக்கு முன்னால் நின்றேன். கண்ணாடியில் ஒரு இடம் மட்டும், அப்பா மூச்சுப் பட்ட இடம், மங்கலாக இருந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன்.

"சொல்லிட்டியா?" வாசலிலிருந்து அப்பா கேட்டார்.

"சொல்லிட்டேன்பா."

பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கேக்கலையே. சத்தமாச் சொல்லு ஆத்தா. அவளுக்குக் காது மந்தம்."